அழகர்மலைக் குரங்கும் கடவூர்த் தேவாங்கும்

மதுரைக்கு வடக்கே சுமார் 21 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அழகர்மலைக்குச் சென்று வருவோர் அங்குள்ள குரங்குகளை நன்கு அறிவர். அவை கைப்பொருளைப் பறித்தோடும்போது நாம் சிரிக்கிறோம், அல்லது சினம் கொள்கிறோம். ஆனால் இயற்கையில் அவற்றின் பணி யாது என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

1758ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், மனிதனையும் குரங்கையும் ஒரே வரிசையில் சேர்த்து அதற்குப் 'பிரைமேட்' எனப் பெயரிட்டார். பற்றிப் பிடிக்கும் கைகளும், முன்னோக்கிய கண்களும் அவ்வரிசையின் அடையாளங்கள். நம் முன்னோரும் இவ்விலங்குகளைக் கூர்ந்து நோக்கியவர்களே. குரங்கு, முசு, ஊகம் எனத் தொல்காப்பியம் வகை பிரித்துக் கூறுகிறது.

அழகர்மலையில் நாம் காணும் நாட்டுக்குரங்கு, இந்தியத் தீபகற்பத்தைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. அதன் கன்னங்களில் பை போன்ற உறுப்பு உண்டு. ஒரு மரத்தில் பறித்த பழங்களை அதில் அடக்கிக்கொண்டு, வேறோரிடத்தில் அமர்ந்து தின்று விதைகளைத் துப்புகிறது. ஆளில்லா மலைச்சரிவில் புதிய மரங்கள் முளைப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இத்தகைய உழைப்பாளிக்கு நாம் பழமும் பொரியும் நீட்டினால் நேர்வது என்ன? அது மலையை விட்டுச் சாலையோரம் குடியேறுகிறது. வாகனங்களில் அடிபட்டு மடிகிறது. உணவு தராதவரைக் கடிக்கிறது. பின்னர் நாமே அதற்குத் 'தொல்லை' என்று பெயர் சூட்டுகிறோம். ஊரெங்கும் தென்படுகின்ற இக்குரங்கை உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு ஆபத்துக்குள்ளான இனங்களின் பட்டியலில் சேர்த்துள்ளது என்றால் பலர் வியப்பர். சாலையோர ஆலும் அத்தியும் வெட்டப்பட்டதும், வடக்கிலிருந்து வேறோர் இனக் குரங்கு பரவி இதன் இடத்தைக் கவர்ந்து வருவதும் இந்நிலைக்குக் காரணங்களாகும்.

இதே வரிசையைச் சேர்ந்த மற்றோர் உயிர் தேவாங்கு. மதுரைக்கு வடக்கே நத்தம், அய்யலூர், கடவூர்ப் பகுதிகளின் முட்காடுகளில் அது வாழ்கிறது. கால் கிலோ அளவே எடை, வால் இல்லை, குரங்கைப் போல் தாவுவதுமில்லை. பகலெல்லாம் உறங்கி, இரவில் பெரிய வட்டக் கண்களுடன் கிளை கிளையாக மெல்ல ஊர்ந்து பூச்சிகளைத் தின்கிறது. ஆகவே அது உழவனின் ஊதியம் பெறாத காவலாளி. ஆயினும் மருந்துக்கென்றும் மாந்திரீகத்துக்கென்றும் அதனைப் பிடித்து வதைத்தவர் பலர். தீங்கறியாத அச்சிற்றுயிரின் கண்களைப் பறித்தால் எந்த நோயும் தீராது. எந்தச் செல்வமும் சேராது.

2022ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. தேவாங்குக்கென இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம் இதுவே.

சட்டம் காட்டுக்கு எல்லை வகுக்கலாம். நம் கைகளுக்கு எல்லை வகுக்க வேண்டியவர்கள் நாமே. மலைக்குச் செல்லும்போது குரங்குக்கு உணவு நீட்டாதிருப்போம். தின்பண்டப் பைகளை அங்கே எறியாதிருப்போம். வழிதவறி ஊருக்குள் வந்த தேவாங்கைக் கண்டால், வேடிக்கைப் பொருளாக்காமல் வனத்துறையினருக்குச் சொல்லியனுப்புவோம். பெற்றோர் காட்டும் இவ்வழக்கத்தையே பிள்ளைகளும் பின்பற்றுவர்.