துண்டுச் சீட்டிலிருந்து அரைப்பேர் வரை

உடப்புசல்லாவை உள்ளிட்ட இலங்கை மலையகத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டியவர் பெரிய கங்காணி. தமிழகத்தில் தம் உறவினர், ஊராருக்கு முன்பணம் கொடுத்து அழைத்து வந்தார். வழிச்செலவு, அரிசி, கல்யாணம், கருமாதி எல்லாம் கடன் கணக்கில் ஏறின. வாங்கிய கடனைத் தீர்க்காமல் போவது இழிவு என்ற ஊர் நெறியே அவருக்கு உத்தரவாதம். நெறி தவறினால் சட்டம் இருந்தது: 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டுப் போவது சிறைக்குரிய குற்றம்.

ஆட்கள் வேறு தோட்டத்துக்கு மாற வேண்டுமானால் பழைய தோட்டத்து நிர்வாகியான துரை ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுப்பார். இன்ன தொகையைக் கட்டினால் இவர்களை விடுவிக்கலாம் என்று அதில் இருக்கும். புதிய தோட்டம் அதைக் கட்டும். கடன் ஆட்களோடு கூடவே போகும். ஆள் தட்டுப்பாடு வந்தபோது தோட்டங்கள் போட்டி போட்டு முன்பணத்தை உயர்த்தின. பணத்தில் பெரும்பகுதி கங்காணியிடம் தங்கியது, சுமை தொழிலாளி தலையில் ஏறியது. கடன் தீர்க்கும் நேர்மை இப்படித்தான் ஆளின் விலையாக மாறியது.

துண்டு முறை 1921இல் ஒழிந்தது. துரைமார் மனம் இளகியதுதான் காரணம் என்று நம்புவது கடினம். முன்பணப் போட்டி அவர்கள் கையையே கடித்தது. இந்திய அரசின் நெருக்குதலும் சேர்ந்தது. ஆள் அனுப்புவதற்கு நிபந்தனை விதிக்கும் இந்தியக் குடியகல்வுச் சட்டம் 1922இல் வந்தது. 1927இல் இலங்கை குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் இயற்றியது. அதன்படி முதலில் விதித்த நாட்கூலி மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43. தேயிலைக் கொழுந்து எடுத்தவர்களோ பெரும்பாலும் பெண்கள். குடும்பத்தைத் தாங்குபவன் ஆண் என்ற எண்ணம் சட்டத்துக்குள்ளும் புகுந்துகொண்டது. சம சம்பளம் கிடைக்க 1984ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சம்பள நிர்ணயச் சபை 2021இல் நாட்சம்பளத்தை 1000 ரூபாவாக்கியது. தொழிற்சங்கங்களுக்கு அது நியாயம். கம்பனிகளுக்குத் தாங்காத செலவு. பல தோட்டங்களில் எடுக்க வேண்டிய கொழுந்தின் கிலோ அளவு கூட்டப்பட்டது. அந்த அளவு வராத நாளுக்கு அரைப்பேர்தான், அதாவது பாதிச் சம்பளம். உடப்புசல்லாவைத் தேயிலைக்கு யூலை முதல் செப்டெம்பர் வரை தனி மணம் உண்டு. கொழும்பு ஏலத்தில் அதற்கு நல்ல விலையும் கிடைக்கும். அந்த விலையில் கொழுந்து எடுத்தவளுக்கு எவ்வளவு பங்கு என்பதை நாட்சம்பளம் சொல்வதில்லை.