பாற்பல்லும் லேசரும்: அடைப்பு ஏன் கழல்கிறது?

வாகரையில் நான் தமிழ் படிப்பிக்கும் பாடசாலையில் மூன்றாம் தரத்துப் பிள்ளை ஒருவனின் தகப்பன் மேசன் வேலை செய்பவர். சென்ற தவணை முடிவில் என்னைக் கண்டு கேட்டார்: "சேர், மகன்ட கடைவாய்ப் பல்லு அடைச்சது ரெண்டாம் முறையும் கழண்டு போச்சு. கொழும்பில லேசரால செய்தா கழராதாமே? கடன்பட்டாவது கொண்டு போகட்டா?"

நான் தமிழ் வாத்தியார், பல் வைத்தியன் அல்லன். என்றாலும் கடன் என்றதும் மனம் கேட்கவில்லை. தேடி வாசித்தேன், பழக்கமான பல் வைத்தியர் ஒருவரிடமும் விளக்கம் பெற்றேன்.

வெள்ளை அடைப்பு என்பது ஒரு பிசின். வழவழப்பான பல்லில் அது தானாகப் பிடிக்காது. 1955இல் மைக்கல் புவனோகோர் என்ற அமெரிக்கப் பல் வைத்தியர், பல்லின் மிளிரியைப் பொசுபோரிக் அமிலத்தால் அரித்தால் பிசின் இறுகப் பற்றுவதைக் காட்டினார். இன்று ஏறத்தாழ 37 வீத அமிலத்தைச் சில விநாடிகள் பூசிக் கழுவுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழும். பிசின் அவற்றுள் இறங்கி இறுகும். பழைய சுவரைக் கொத்திவிட்டுப் பூச்சுப் போடுவது போலத்தான். மேசனுக்கு இதை நான் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

லேசர் செய்வது வேறு. பல்லை வெட்டும் ஏர்பியம் யாக் லேசரின் அலைநீளம் 2940 நனோமீற்றர். அதை நீர் மிக நன்றாக உறிஞ்சும். பல்லுக்குள் உள்ள சொற்ப நீர் கணத்தில் ஆவியாகி வெடிக்க, பல் துணுக்குத் துணுக்காகச் சிதறுகிறது. துளைகருவியின் அதிர்வு இல்லை, பயமும் குறைவு. வெட்டிய பரப்பும் கரடுமுரடாக, துகள் படியாமல் இருக்கும். பிசினுக்கு இதைவிட நல்ல இடம் வேறில்லை என்றுதான் தோன்றும்.

ஆனால் மிளிரிக்குக் கீழுள்ள பகுதியில் கொலாஜன் என்ற நார்கள் உண்டு. லேசரின் சூட்டில் மேற்படையிலுள்ள நார்கள் உருகி ஒட்டிக்கொள்ளலாம். நுண்ணிய வெடிப்புகளும் விழலாம். பிசின் உள்ளே இறங்க வழி குறைகிறது. கொத்தும்போது ஆட்டங்கண்ட கல்லின் மேல் பூசினால், பூச்சு கல்லோடு சேர்ந்தே விழும் அல்லவா? இதனால்தான் ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல் இல்லை: சிலவற்றில் பற்று சமம், சிலவற்றில் குறைவு. லேசரின் சக்தி, தெளிக்கும் நீர், பிசின் வகை எல்லாமே முடிவை மாற்றுகின்றன. பாற்பல்லின் மிளிரியோ மெல்லியது, உட்பகுதியில் கனிமமும் குறைவு. பெரியவர்களின் பல்லில் கண்ட முடிவை அப்படியே இதற்குப் பொருத்த முடியாது. லேசரால் வெட்டினாலும் அமிலம் பூசுவதைக் கைவிடக் கூடாது என்பதே பொதுவான கருத்து.

பிள்ளைகளின் அடைப்பு கழல்வதற்கு எச்சில் ஒரு பெரிய காரணம். அமிலம் பூசிய இடத்தில் எச்சில் பட்டால் பற்றுப் போய்விடும். பிள்ளை அசையாமல் வாய் திறந்திருக்க லேசர் உதவினால், அந்த வகையில் நன்மைதான். ஈரத்தை ஓரளவு பொறுக்கும், பல்லோடு இரசாயன முறையில் சேரும் கிளாஸ் அயனோமர் அடைப்பும் உண்டு. அதற்குக் கொழும்பு போகத் தேவையில்லை.

"விழப் போற பல்லுதானே, புடுங்கிவிட்டா என்ன?" என்றும் அவர் கேட்டார். மகனுக்கு எட்டு வயது. அந்தக் கடைவாய்ப் பாற்பல் பத்து, பன்னிரண்டு வயது வரை நின்று பின்னால் வரும் பல்லுக்கு இடம் காக்க வேண்டும். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"நாங்க சுவரை நனைச்சுப்போட்டுப் பூசுறம். இவங்க காய வெச்சுப் பூசணும். அப்பிடித்தானே சேர்?"