முதுகில் ஒரு குட்டிக் கருவி... கால்பந்து வீரர்களின் வேகத்தை அளப்பது எப்படி? பசுமலை மைதானத்தில் செல்போனை வைத்தே இதைச் செய்ய முடியுமா?

2022 டிசம்பர் 2. கத்தார் உலகக் கோப்பையில் போர்ச்சுகலுக்கு எதிரான ஆட்டம். கூடுதல் நேரத்தில் கோல் அடித்த தென்கொரிய வீரர் ஹுவாங் ஹீ-சான், சந்தோஷத்தில் சட்டையைக் கழற்றி வீசினார். உள்ளே கறுப்பு நிறத்தில், நெஞ்சு வரை மட்டும் இருக்கும் ஓர் இறுக்கமான பனியன். சட்டையைக் கழற்றியதற்கு நடுவர் மஞ்சள் அட்டை காட்டினார். டிவி பார்த்தவர்களுக்கோ ஒரே கேள்விதான்: "அது என்ன உடை?"

அது ஜிபிஎஸ் பனியன். வீரர் எவ்வளவு தூரம் ஓடினார், எவ்வளவு வேகமாக ஓடினார், எத்தனை முறை சட்டென்று நின்றார், உடம்பு எவ்வளவு வேலை பார்த்தது என்று எல்லாவற்றையும் கணக்கெடுக்கும் கருவி அதற்குள் இருக்கிறது. ஹுவாங் தொடையின் பின்பக்க ஹாம்ஸ்ட்ரிங் தசையில் ஏற்பட்ட காயத்தால் அதற்கு முந்தைய இரண்டு ஆட்டங்களிலும் இறங்கவில்லை. மாற்று வீரராக வந்துதான் அந்த கோலை அடித்தார். இந்தக் கருவி எதற்கு என்பதற்கான பாதி பதில் இதிலேயே இருக்கிறது. மீதியை விரிவாகப் பார்க்கலாம்.

ஒரு வீரர் எவ்வளவு தூரம் ஓடுகிறார்?

ஒரு முழு ஆட்டத்தில், அதாவது 90 நிமிடங்களில், தொழில்முறை வீரர் ஒருவர் சுமார் 10 முதல் 13 கிலோமீட்டர் வரை ஓடுகிறார். நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டில் கிளம்பி, பழங்காநத்தம், பைகாரா தாண்டி பசுமலை வரை போய், திரும்ப வந்தால் எவ்வளவோ கிட்டத்தட்ட அவ்வளவு. நடுக்கள வீரர்கள் பொதுவாக அதிக தூரம் ஓடுவார்கள். கோல் கீப்பர் அதில் பாதிகூட ஓட மாட்டார்.

இந்தக் கணக்கெடுப்பு ஜிபிஎஸ் வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1976-ல் தாமஸ் ரெய்லி, வாகன் தாமஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இங்கிலாந்து முதல் டிவிஷன் வீரர்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கேமராவும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. மைதானத்துக்கு வெளியே இருந்தபடி ஒரே ஒரு வீரரை மட்டும் கண்ணால் பின்தொடர்ந்து, "நடக்கிறார், ஓடுகிறார், பாய்கிறார்" என்று டேப் ரெக்கார்டரில் பேசிப் பதிவு செய்தார்கள். சராசரியாக ஒரு வீரர் சுமார் 8.7 கி.மீ. ஓடியது தெரியவந்தது. பந்தைக் காலில் வைத்துக்கொண்டு ஓடியது அதில் 2 சதவீதத்துக்கும் குறைவு! மீதி ஓட்டமெல்லாம் பந்து இல்லாமலேதான். டிவி கேமரா பந்தின் பின்னாலேயே போவதால், நாம் பார்க்காமல் விடும் உழைப்பு அது.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

உள்ளங்கையில் அடங்கும் சின்னக் கருவிதான். இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே, முதுகின் மேல்பகுதியில் உட்காரும். ஏன் அங்கே? செயற்கைக்கோள் சிக்னல் தடையில்லாமல் கிடைக்க வேண்டும். மோதும்போதும் விழும்போதும் அடிபடுவதும் அங்கேதான் குறைவு.

உள்ளே முக்கியமாக இரண்டு வேலைகள் நடக்கின்றன.

முதல் வேலை, ஜிபிஎஸ். சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சிக்னலைப் பிடித்து, வீரர் நிற்கும் இடத்தைக் கணக்கிடும். நம்ம போனில் இருக்கும் மேப் வேலை செய்வதும் இதே முறையில்தான். ஆனால் விளையாட்டுக் கருவிகள் பெரும்பாலும் ஒரு விநாடிக்கு 10 முறை இந்தக் கணக்கைப் போடுகின்றன. வேகத்தைக் கண்டுபிடிக்க இன்னொரு உத்தியும் உண்டு. திருப்பரங்குன்றம் பக்கம் தண்டவாளத்தின் ஓரம் நின்றால், ரயில் நெருங்கும்போது ஹாரன் சத்தம் கீச்சென்று ஏறும், கடந்து போனதும் தடித்துவிடும், கவனித்திருப்பீர்கள். இதை டாப்ளர் விளைவு என்பார்கள். செயற்கைக்கோள் சிக்னலிலும் இதே மாதிரி ஏற்ற இறக்கம் இருக்கும். அதை வைத்து வீரரின் வேகத்தைக் கணக்கிடலாம்.

இரண்டாவது வேலை, முடுக்கமானி. செல்போனைச் சாய்த்தால் திரை திரும்புகிறதே, அதே வகை சென்சார்தான். குதிப்பது, மோதுவது, சட்டென்று நிற்பது, திரும்புவது எல்லாவற்றையும் விநாடிக்கு 100 முறை வரை பதிவு செய்யும். 'தூரம்' என்ற கணக்கில் வராத உழைப்பை இதுதான் பிடிக்கும். கார்னர் கிக்குக்காக முட்டிமோதிக் குதிக்கும் தடுப்பாட்டக்காரர் பத்து மீட்டர்கூட ஓடியிருக்க மாட்டார். ஆனால் உடம்பு களைத்திருக்கும்.

இதோடு நெஞ்சில் இதயத் துடிப்பை அளக்கும் பட்டியும் சேர்ந்தால் படம் முழுமையாகும். காலை ஆறு மணிக்கு ஓடும் 5 கி.மீ.யும், மதுரையின் சித்திரை மாத வெயிலில் மாலை நான்கு மணிக்கு ஓடும் 5 கி.மீ.யும் ஜிபிஎஸ்ஸுக்கு ஒன்றுதான். இதயத்துக்கு ஒன்றல்ல.

கேமராவும் அளக்குமா?

அளக்கும். 2022 உலகக் கோப்பையில் மைதானக் கூரையில் 12 கேமராக்கள் பொருத்தப்பட்டிருந்தன. ஒவ்வொரு வீரரின் உடம்பிலும் 29 புள்ளிகளை விநாடிக்கு 50 முறை அவை கண்காணித்தன. பந்துக்குள் இருந்த சென்சார் விநாடிக்கு 500 முறை தகவல் அனுப்பியது. ஆஃப்சைடு முடிவுகளை நடுவர்கள் வேகமாக எடுக்க இது உதவியது.

கேமரா முறையில் வீரர் எதையும் அணியத் தேவையில்லை. எதிரணியையும் சேர்த்தே அளக்கலாம். ஆனால் செலவு அதிகம், மைதானத்தில் நிரந்தர ஏற்பாடு வேண்டும். அதனால்தான் தினசரிப் பயிற்சிக்குப் பனியன், பெரிய போட்டிகளுக்குக் கேமரா என்று பல அணிகள் இரண்டையும் கலந்து பயன்படுத்துகின்றன. ஆட்டத்தின்போதே பனியன் அணிய 2015-ல் விதி இடம் கொடுத்தது. ஆட்டம் நடக்கும்போதே பெஞ்சில் இருக்கும் பயிற்சியாளர் டேப்லெட்டில் தகவல் பார்க்க 2018-ல் அனுமதி கிடைத்தது.

எவ்வளவு வேகம் என்றால் 'வேகம்'?

ஆண்கள் கால்பந்தில் பொதுவாக மணிக்கு 19.8 கி.மீ.க்கு மேல் போனால் 'அதிவேக ஓட்டம்', 25.2 கி.மீ.க்கு மேல் போனால் 'ஸ்பிரிண்ட்' என்று பிரிக்கிறார்கள். 2024 ஜனவரியில் டாட்டன்ஹாம் வீரர் மிக்கி வான் டி வென் மணிக்கு 37.38 கி.மீ. வேகத்தில் ஓடி, இங்கிலிஷ் பிரீமியர் லீக்கில் அதுவரை பதிவானதிலேயே அதிக வேகத்தைத் தொட்டார். ஒப்பிட்டுப் பார்க்க: 2009-ல் 100 மீட்டரை 9.58 விநாடியில் உசேன் போல்ட் கடந்தபோது அவருடைய சராசரி வேகமே மணிக்கு 37.58 கி.மீ.

பெண்களுக்கும் இதே அளவுகோலா? இங்கேதான் ஒரு சிக்கல். ஆண்களுக்கான எல்லையைப் பெண்களுக்கும் வைத்தால், உயிரைக் கொடுத்து ஓடியவரின் பெயருக்கு நேரே "ஸ்பிரிண்ட் குறைவு" என்று வந்துவிடும். 2019 மகளிர் உலகக் கோப்பை பற்றிய ஃபிஃபா ஆய்வில் ஸ்பிரிண்ட் எல்லையை மணிக்கு 23 கி.மீ. என்று தனியாக வைத்தார்கள். மதுரைக்கு இது தூரத்துச் செய்தி கிடையாது. இந்திய மகளிர் லீக் கோப்பையை 2019-ல் வென்ற சேது எஃப்.சி. மதுரையைச் சேர்ந்த அணிதான். இங்கே பந்து உதைக்கும் சிறுமிகளை எந்த அளவுகோலில் பார்க்கிறோம் என்பது முக்கியம்.

சரி, இந்த எண்களை வைத்து என்ன செய்வார்கள்?

முதல் பயன், காயத்தைத் தவிர்ப்பது. உடம்பு உழைப்புக்குப் பழகும், ஆனால் மெதுவாகத்தான் பழகும். தினமும் 5 கி.மீ. ஓடுபவரைத் திடீரென்று 10 கி.மீ. ஓட வைத்தால் தசை தாங்காது. முக்கியமாக முழு வேகத்தில் பாயும்போதுதான் ஹாம்ஸ்ட்ரிங் தசை கிழியும் ஆபத்து அதிகம். இந்த வாரம் ஒருவர் எத்தனை ஸ்பிரிண்ட் ஓடினார், போன வாரங்களைவிட அது எவ்வளவு கூடுதல் என்று பார்த்து, "நாளைக்கு இவருக்கு லேசான பயிற்சி போதும்" என்று முடிவெடுப்பார்கள்.

இரண்டாவது, காயத்திலிருந்து திரும்புவது. "இப்போ பரவாயில்ல சார், ஆடுறேன்" என்று எந்த வீரரும் சொல்வார். காயத்துக்கு முன் தொட்ட உச்ச வேகத்தை மறுபடி தொடுகிறாரா என்று பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

இந்தியாவில் கால்பந்து மட்டுமல்ல, ஹாக்கி, கிரிக்கெட் தேசிய அணிகளும் பயிற்சியில் இந்தப் பனியனைப் பயன்படுத்தியிருக்கின்றன.

அதிகம் ஓடுபவர்தான் நல்ல ஆட்டக்காரரா?

இல்லை. மெஸ்ஸி மைதானத்தில் நிறைய நேரம் நடப்பார் என்பது உலகறிந்த விஷயம். 2022 உலகக் கோப்பையின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து அவருக்குத்தான் போனது. நடந்துகொண்டே எதிரணியில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று பார்ப்பவரை 'சோம்பேறி' என்று எந்தக் கருவியும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. தவறான இடத்தில் நின்ற வீரர் அதைச் சரிசெய்யப் பாய்ந்து ஓடினால், அதுவும் கணக்கில் 'நல்ல ஓட்டம்' என்றே பதிவாகும்.

கருவிக்கும் குறைகள் உண்டு. குறுகிய தூரப் பாய்ச்சலிலும், சட்டென்று திரும்பும்போதும் ஜிபிஎஸ் கணக்கு கொஞ்சம் பிசகும். கூரை மூடிய மைதானத்தில் சிக்னல் பலவீனமாகும். ஒரு நிறுவனக் கருவியின் எண்ணை இன்னொரு நிறுவனக் கருவியின் எண்ணோடு அப்படியே ஒப்பிடக் கூடாது.

பனியன் இல்லாமல் பசுமலையில் என்ன செய்யலாம்?

ஒரு பள்ளி அணிக்கோ, தெரு அணிக்கோ இந்தக் கருவிகள் கட்டுப்படியாகாது. ஆனால் இதன் அடிப்படையைச் செல்போனும் நோட்டுப் புத்தகமும் வைத்தே செய்யலாம்.

வேகத்துக்கு: மைதானத்தில் 10 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோன்களை வையுங்கள். முதல் கோனுக்கு 20 மீட்டர் முன்பிருந்தே வீரர் ஓடிவரட்டும். போனை ஆட்டாமல் பக்கவாட்டில் தள்ளி வைத்து, ஸ்லோமோஷனில், விநாடிக்கு 240 ஃப்ரேம் என்ற அளவில் படம்பிடியுங்கள். ஒரு கோனிலிருந்து மற்றொன்றைக் கடக்க 300 ஃப்ரேம் ஆனால், நேரம் 1.25 விநாடி. 10 மீட்டரை 1.25-ஆல் வகுத்தால் விநாடிக்கு 8 மீட்டர். அதை 3.6-ஆல் பெருக்கினால் மணிக்கு 28.8 கி.மீ. துல்லியம் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே இடம், ஒரே முறை என்று வைத்துக்கொண்டால், அதே வீரர் மாதாமாதம் முன்னேறுகிறாரா என்று தெரிந்துவிடும்.

உழைப்புக்கு: அமெரிக்க விளையாட்டு அறிவியலாளர் கார்ல் ஃபாஸ்டர் பிரபலப்படுத்திய முறை இது. பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கழித்து வீரரிடம் ஒரே கேள்வி: "இன்னைக்கு எவ்வளவு கஷ்டமா இருந்துச்சு? 10-க்கு எத்தனை?" அவர் சொல்லும் எண்ணைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்க வேண்டும். 60 நிமிடப் பயிற்சிக்கு 5 என்றால் அன்றைய சுமை 300. வாரத்தில் ஐந்து நாள் என்றால் 1,500. டோர்னமென்ட் வருகிறது என்று அடுத்த வாரம் தினமும் 90 நிமிடம் ஓடவிட்டு, பிள்ளைகள் 8 என்று சொன்னால் அது 3,600. இரண்டு மடங்குக்கும் மேல்! காயம் காத்திருக்கிறது என்று அர்த்தம். இதற்குச் செயற்கைக்கோள் தேவையில்லை, பேனா போதும்.

இந்தத் தகவல் யாருக்குச் சொந்தம்?

கடைசியாக, ஆனால் முக்கியமான கேள்வி. "இவன் வேகம் குறைஞ்சிருச்சு" என்று ஓர் எண்ணைக் காட்டி ஒரு வீரரின் வாய்ப்பையே பறிக்க முடியும். அதனால்தான் வீரர்கள் தங்கள் தகவலைத் தாங்களே பார்க்கவும், அது எப்படிப் பயன்படுகிறது என்று தெரிந்துகொள்ளவும் உரிமை உண்டு என்று, சர்வதேச வீரர்கள் சங்கமான ஃபிஃப்ப்ரோவும் ஃபிஃபாவும் சேர்ந்து 2022-ல் ஓர் உரிமைச் சாசனத்தை வெளியிட்டன. இந்தியாவில் 2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது.

பிள்ளைகளை அகாடமியில் சேர்க்கும் பெற்றோர் இரண்டு கேள்விகள் கேட்கலாம். "என் பிள்ளையோட கணக்கை எனக்கும் காட்டுவீங்களா? அதை வெச்சு அவளுக்கு ஓய்வு கொடுப்பீங்களா, இல்ல வெளியே உட்கார வைப்பீங்களா?"

பதில் சொல்லத் தயங்காத பயிற்சியாளர் கிடைத்தால், அவரிடம் ஜிபிஎஸ் பனியன் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.