பனியில் கண் ஏன் எரிகிறது? சறுக்குக் கண்ணாடி எப்படிக் காக்கிறது?

குல்மார்க்கில் பனிச்சறுக்கு விளையாடுபவர்கள் மேகமூட்டமான நாளிலும் கண்ணாடி அணிவது ஏன்?

புல்லும் மண்ணும் தம்மீது விழும் புற ஊதாக் கதிர்களில் சிறிதளவையே திருப்பி அனுப்புகின்றன. புதுப்பனியோ 80 சதவீதம் வரை திருப்பிவிடுகிறது. 1000 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 10 சதவீதம் வீதம் இக்கதிர்கள் வலுக்கின்றன. மெல்லிய மேகம் அவற்றை முழுதாகத் தடுப்பதில்லை. மேலிருந்து வரும் ஒளியைப் புருவமும் தொப்பியும் ஓரளவு மறைக்கும். கீழிருந்து வருவதை மறைக்க எதுவுமில்லை. இதனால் கண்ணின் முன்படலமான கார்னியாவின் மேலடுக்கு வெந்துபோகிறது. சில மணி நேரம் கழித்தே மணல் விழுந்ததுபோல் உறுத்தும், நீர் வடியும். இதுதான் பனிக்குருடு. பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும்.

கண்ணாடியிலுள்ள பாலிகார்பனேட் வில்லை புற ஊதாக் கதிர்களை உறிஞ்சிவிடும். கறுப்பு நிறம் கூச்சத்தை மட்டுமே குறைக்கும். ஆகவே, வாங்கும்போது நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. புற ஊதாத் தடுப்பு உண்டா என்று பார்க்க வேண்டும்.

ஒன்றன்பின் ஒன்றாக வில்லைகள் ஏன் இரண்டு? இடையே அடைபட்ட காற்று குளிரைத் தடுக்கிறது. வெளிவில்லை சில்லிட்டாலும் உள்வில்லை வெதுவெதுப்பாக இருப்பதால் மூச்சின் ஈரம் அதில் எளிதில் படியாது. விளிம்புத் துளைகள் மீதி ஈரத்தை வெளியேற்றும். உள்பக்கத்தை அழுத்தித் துடைத்தால் ஈரம் படிவதைத் தடுக்கும் பூச்சு தேய்ந்துவிடும். ஒற்றி எடுப்பதே நல்லது.