கண்ணெதிரே அக்கரை, சாலையில் போனால் 50 கிலோமீட்டர்!

சென்னைக் கப்பல் வந்து நிற்கும் ஹேடோ துறைமுகத்தைத் தாண்டினால் சாத்தம் தீவு. 1883-இல் தொடங்கிய மர அறுவை ஆலையால் பெயர் பெற்ற இத்தீவை ஹேடோவுடன் ஒரு பாலம் இணைக்கிறது. சாலை அத்துடன் முடிந்துவிடுகிறது. எதிர்க்கரையில் பாம்பூபிளாட், படகில் சில நிமிடப் பயணந்தான். படகு இல்லையென்றாலோ, விம்பர்லிகஞ்ச், பெரார்கஞ்ச், சிப்பிகாட், கராச்சரமா என்று ஏறத்தாழ 50 கிலோமீட்டர் சுற்றியாக வேண்டும்.

போர்ட் பிளேர் என்று வழங்கி, 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய தலைநகரம் மேடும் பள்ளமுமானது. மூன்று புறமும் கடல். 2011 கணக்குப்படி நகரில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர். வாடகை கட்டுப்படியாகாதவர்கள் புறநகரை நாடுகிறார்கள். தெற்கே கராச்சரமா, புரோத்ராபூர் பக்கம் சாலை உண்டு, ஊர் வளர்ந்தது. வடக்கே பாம்பூபிளாட்டில் குடியேறியவர்களுக்கோ படகு நேரந்தான் கடிகாரம்.

புயல் எச்சரிக்கை வந்து படகு நின்றால் கூலியாளுக்கு ஒரு நாள் சம்பளம் போயிற்று. குமாஸ்தாவுக்கு ஒரு நாள் விடுப்பு. கடைசிப் படகு போன பிறகு பிரசவ வலி கண்டால், கண்ணெதிரே விளக்கெரியும் நகரின் ஜி.பி. பந்த் ஆஸ்பத்திரிக்கு மலைச்சாலையைச் சுற்றித்தான் வரவேண்டும்.

அந்தச் சுற்றுச் சாலையும் முழுப் பாதுகாப்பானதல்ல. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தென் அந்தமான் நிலம் தாழ்ந்தது. சிப்பிகாட் வயல்களில் புகுந்த கடல்நீர் திரும்பிப் போகவில்லை.

சாத்தத்திலிருந்து பாம்பூபிளாட்டுக்குப் பாலம் கட்டிச் சாலையை நீட்டலாம் என்ற யோசனை பலமுறை எழுந்ததுண்டு. முடியாத காரியம் அல்ல. பாரதாங்கையும் மத்திய அந்தமானையும் பிரிக்கும் ஹம்ப்ரி நீரிணைமீது ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளமுள்ள பாலம் அண்மை ஆண்டுகளில் எழுந்திருக்கிறது. இங்கே கப்பல்கள் நுழைய இடைவெளி விடவேண்டும், நிலநடுக்கத்தையும் தாங்கவேண்டும். செலவு அதிகந்தான்.

பாலம் மட்டும் போதுமா? அக்கரை வண்டிகளெல்லாம் வந்திறங்குவது ஹேடோவின் குறுகிய தெருவில். அதை அகலப்படுத்தாமல் பாலம் கட்டினால் நெரிசல் இடம் மாறுமே தவிர, தீராது. அகலப்படுத்தினால் சாலையோரக் கடைகளும் குடியிருப்புகளும் இடிபடும். அந்தமான் மக்களில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்குத் தமிழ் தாய்மொழி. கப்பலேறி வந்து ஒண்டுக் குடித்தனம் நடத்துகிறவர்கள் அவர்களில் ஏராளம். பட்டா வீட்டுக்காரர் பெயரில். பெட்டி படுக்கையோடு தெருவில் நிற்பவர் வாடகைக்காரர்.

அவர்களுக்கும் சட்டத்தில் இடமுண்டு. 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டம், நில உரிமையாளரை மட்டுமன்றி, நகர்ப்புற நிலத்தில் மூன்றாண்டுகளுக்குக் குறையாமல் குடியிருந்த குடும்பத்தையும் பாதிக்கப்பட்ட குடும்பமாகக் கருதுகிறது. ஆனால், குடியிருந்ததற்குச் சான்று வேண்டுமே! ரேஷன் கார்டு, மின்கட்டண ரசீது, வாடகைச் சீட்டு ஆகியவற்றைப் பத்திரப்படுத்துவது நல்லது.

அக்கரையிலும் இப்போதே சாலைக்கு இடம் ஒதுக்கவேண்டும். வீடுகள் நெருங்கிய பின் ஒதுக்கினால் மீண்டும் இடிப்புதான். சாலை முன்னே போய் ஊர் பின்னே வளர்ந்தால் செலவு பணத்தோடு போகும். ஊர் முந்திச் சாலை பிந்தினால், ஏழையின் வீடும் சேர்ந்து போகும்.