முனைவர் பட்டத்திற்குப் பின்

முனைவர் பட்டம் பெற்றவர் உடனே பேராசிரியராகிவிடுவதில்லை. மற்றோர் அறிஞரின் ஆய்வகத்தில் சில ஆண்டுகள் பணியாற்றும் இடைக்காலம் ஒன்று உண்டு. உயிர்மருத்துவ அறிவியலில் ஒருவரின் ஆய்வுப் பாதை பெரும்பாலும் அக்காலத்தில்தான் உறுதிப்படுகிறது.

சிதம்பரத்தில் 1952ஆம் ஆண்டு பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், அமெரிக்காவின் ஒகையோ பல்கலைக்கழகத்தில் 1976இல் பெற்ற முனைவர் பட்டம் இயற்பியலுக்குரியது. உயிரியலின்பால் ஈர்க்கப்பட்ட அவர், பட்டம் பெற்ற பின்னரும் கலிபோர்னியாவில் மாணவராக அமர்ந்து அத்துறையை அடிப்படையிலிருந்து கற்றார். அப்போது, உயிரணுவில் புரதங்களை உருவாக்கும் ரைபோசோமை நியூட்ரான்களைக் கொண்டு ஆராய்வது குறித்து யேல் பல்கலைக்கழக அறிஞர் இருவர் எழுதிய கட்டுரை அவர் பார்வைக்கு வந்தது. அவ்விருவருள் ஒருவரான எங்கல்மனுக்குக் கடிதம் எழுதினார். அவரிடம் இடமில்லை, மற்றவரான பீட்டர் மூரிடம் இருந்தது. ஓர் ஆய்வைப் படித்து, அதனால் எழுந்த ஆர்வத்தைத் தெளிவாகச் சொல்லும் கடிதமே இன்றும் இத்துறையில் நல்ல விண்ணப்பம்.

இடம் கிடைத்ததால் இடர் தீர்ந்துவிடவில்லை. பின்னர் ஆசிரியப் பணி வேண்டி ஏறத்தாழ ஐம்பது பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தும் ஒன்றுகூடக் கிட்டவில்லை. புரூக்கேவன் தேசிய ஆய்வகத்தில் 1983 முதல் பணியாற்றியபோதும் யேலில் தொடங்கிய ரைபோசோம் ஆய்வை அவர் கைவிடவில்லை. அதன் அமைப்பையும் செயற்பாட்டையும் விளக்கியமைக்காக 2009ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவருக்கும் வேறு இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.