சி.எஸ்.ஆரும் ஒரு காயலான் கடையும்

மக்களே, கடைப்பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. அசைன்மென்ட், சனி ஞாயிறு வேலை, நடுவுல நாலு நாள் காய்ச்சல்னு இங்கிலாந்து வாழ்க்கை ஓடிட்டு இருக்கு. இன்னைக்கு கொஞ்சம் சீரியஸ் பதிவு. பொறுத்துக்கோங்க :-)

இந்த செமஸ்டர்ல எனக்கு ஒரு பாடம், சி.எஸ்.ஆர். அதாவது கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு. நாலு பேர் சேர்ந்து ஒரு நல்ல உதாரணம் எடுத்துப் பேசணும். எங்க குழு ஒரே நிமிஷத்துல யூனிலீவரைத் தேர்ந்தெடுத்துடுச்சு. காரணம் இருக்கு. 2010ல் அவங்க ஒரு பெரிய நீடித்த வளர்ச்சித் திட்டம் அறிவிச்சாங்க. 2020க்குள்ள 100 கோடிக்கும் மேற்பட்ட மக்களின் ஆரோக்கியத்தை மேம்படுத்தணும், பொருட்களால வர்ற சுற்றுச்சூழல் பாதிப்பைப் பாதியாக் குறைக்கணும்னு இலக்கு. மேனேஜ்மென்ட் வகுப்புகள்ல நல்ல பிள்ளைக்கு உதாரணம்னா இதைத்தான் காட்டுவாங்க.

நான் மட்டும் வாயை மூடிட்டு உட்கார்ந்திருந்தேன். நான் பெரியகுளத்துக்காரன். வீட்டு மொட்டை மாடியில நின்னா கொடைக்கானல் மலை தெரியும். சின்ன வயசுல கும்பக்கரை அருவியில குளிச்சிருக்கேன். அங்க விழற பாம்பாறு கொடைக்கானல் மலையில இருந்துதான் வருது. அதே மலை மேல, பாம்பார் சோலைக்காட்டை ஒட்டித்தான் அந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை இருந்தது.

தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடறேன். அமெரிக்காவுல நியூயார்க் மாநிலத்துல இருந்த பாதரச தெர்மாமீட்டர் தொழிற்சாலை ஒண்ணை பாண்ட்ஸ் நிறுவனம் 1980களின் தொடக்கத்துல கொடைக்கானலுக்குக் கொண்டு வந்தது. 1987ல் உலக அளவுல பாண்ட்ஸை யூனிலீவர் வாங்கினப்போ இந்தத் தொழிற்சாலையும் இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. 2001 மார்ச்ல, பாதரசம் ஒட்டின உடைஞ்ச கண்ணாடிக் கழிவு ஊருக்குள்ள ஒரு காயலான் கடையில கிடக்கறதை உள்ளூர்க்காரங்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் வெளியே கொண்டு வந்தாங்க. அந்த மாசமே தொழிற்சாலையை மூடினாங்க. எங்க விதிமுறையை மீறி அந்தக் கழிவு வித்துப் போயிடுச்சுன்னு கம்பெனியே ஒத்துக்கிட்டது. 2003ல் சுமார் 290 டன் கழிவை மறுசுழற்சிக்காக அமெரிக்காவுக்குக் கப்பல் ஏத்தினாங்க.

முன்னாள் தொழிலாளர்கள் தங்களுக்கு சிறுநீரகக் கோளாறு, நரம்புத் தளர்ச்சி எல்லாம் வந்ததுன்னு சொல்லி 2006ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனாங்க. எங்க ஆய்வுகள்ல அப்படி எந்த பாதிப்பும் தெரியலைன்னு கம்பெனி கடைசி வரைக்கும் சொன்னது. 2016 மார்ச்ல 591 முன்னாள் தொழிலாளர்களோட சமரசம் ஆச்சு. அதையும் மனிதாபிமான அடிப்படையில கொடுக்கறோம்னுதான் சொன்னாங்க. தொகை எவ்வளவுன்னு வெளியிடலை.

இதை எங்க குழுவுல சொன்னேன். ஒரு நண்பர் கேட்டார்: "தொழிற்சாலை மூடினது 2001. திட்டம் வந்தது 2010. பழைய தப்பை வச்சு புதுத் திட்டத்தை எடை போடறது நியாயமா?" நல்ல கேள்வி. ரெண்டு நாள் யோசிச்சேன். திட்டம் 2010ல் வந்துடுச்சு. தொழிலாளர் பிரச்சனை முடிய 2016 ஆச்சு. இடையில ஆறு வருஷம், ஒரே கம்பெனி, ஒரு பக்கம் விருதுகள், இன்னொரு பக்கம் கோர்ட் வாய்தா. இந்த ரெண்டும் ஒண்ணையொண்ணு தொடாம இருந்தது எப்படி? என் கேள்வி அவ்வளவுதான்.

பதில் தேடினப்போ நம்ம நாட்டுச் சட்டமே ஒரு வழி காட்டுச்சு. 2013 கம்பெனிகள் சட்டம், பிரிவு 135. குறிப்பிட்ட அளவுக்கு மேல சொத்து மதிப்போ, விற்பனையோ, லாபமோ இருக்கிற கம்பெனிகள், முந்தைய மூணு வருஷ சராசரி லாபத்துல 2 சதவீதத்தை சமூகப் பணிக்குச் செலவழிக்கணும். 2014 ஏப்ரல்ல இருந்து நடைமுறையில இருக்கு. இதனால பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை, ஊருக்கு ஆஸ்பத்திரின்னு எவ்வளவோ நல்லது நடக்குது, மறுக்கலை. ஆனா ஒரு விஷயத்தை கவனிங்க. கம்பெனி தன் வழக்கமான தொழில்ல செய்யற எதுவும் இந்தக் கணக்குல சேராது. அதாவது இந்த 2 சதவீதம், சம்பாதிச்ச பிறகு எப்படிச் செலவு பண்றேங்கிற கணக்கு. எப்படிச் சம்பாதிச்சேங்கிற கேள்வியை அது கேக்கறதே இல்லை.

நம்ம ஊர் கோயில்ல ட்யூப்லைட் பார்த்திருப்பீங்களே? "உபயம்: இன்னார்"னு எழுதினதுலயே பாதி வெளிச்சம் மறைஞ்சு போயிருக்கும். சி.எஸ்.ஆர். பல நேரம் அந்த மாதிரிதான்.

நீடித்த வளர்ச்சிங்கிறது வேற கேள்வி. ஐ.நா. அமைச்ச புருண்ட்லாண்ட் கமிஷன் 1987ல் அதை விளக்கினது. எங்க பாட்டி பாஷையில சொன்னா, நம்ம வயித்துக்காகப் பேரப்பிள்ளைங்க வயித்துல அடிக்காம இருக்கிறது. அது 98 சதவீதத்தைப் பத்தின கேள்வி. மூலப்பொருள் எங்கிருந்து வருது, யார் கையால செய்யறாங்க, கழிவு யார் வீட்டு வாசலுக்குப் போகுது? ஒரு தேசம் வேண்டாம்னு அனுப்பின தொழில் இன்னொரு தேசத்து மலை உச்சிக்கு வந்து சேர்ந்தா, அந்த 2 சதவீதத்தால அதைக் கழுவ முடியாது.

இதை உலகமும் மெதுவா உணர ஆரம்பிச்சிருக்கு. லாபத்தோட மக்களையும் பூமியையும் சேர்த்துக் கணக்கு பாருங்கன்னு 1994ல் சொன்ன ஜான் எல்கிங்டன், 2018ல் அந்தக் கருத்தை நானே திரும்பப் பெறறேன்னு எழுதினார். கம்பெனிகள் அதை வெறும் கணக்குப் புத்தகமா ஆக்கிட்டாங்கன்னு அவருக்கு வருத்தம். இந்தியாவுல செபி, பெரிய 1000 பட்டியல் நிறுவனங்கள் கழிவு, தண்ணீர், தொழிலாளர் பாதுகாப்பு பத்தியெல்லாம் அறிக்கை தரணும்னு 2022-23ல இருந்து கட்டாயமாக்கியிருக்கு. இது 98 சதவீதத்துப் பக்கம் வைக்கிற முதல் அடி.

அம்மாகிட்ட போன்ல சொன்னேன். "ஏன்டா, படிக்கப் போன இடத்துல நம்ம ஊர் மானத்தை வாங்கணுமா?"ன்னாங்க. "மானம் போனது நமக்கு இல்லம்மா"ன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "சரி, தப்பில்லாம பேசு. கம்பெனி சொன்னதையும் சேர்த்துச் சொல்லு"ன்னாங்க. அப்படியே செஞ்சேன். பாதி நேரம் அந்தத் திட்டத்தோட நல்லது, பாதி நேரம் கொடைக்கானல். முடிஞ்சதும் வகுப்புல கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. நியாயமான்னு கேட்ட நண்பர்தான் கடைசி ஸ்லைடை மாத்தச் சொல்லி, காயலான் கடையை அதுல வச்சார்.

அடுத்த மாசம் வேலை வாய்ப்புக் கண்காட்சி. கம்பெனிக்காரங்க பளபளன்னு அறிக்கை நீட்டுவாங்க. எனக்கும் வேலை வேணும், கல்விக் கடன் இருக்கு. இருந்தாலும் ஒரு கேள்வி கேட்டுட்டுத்தான் பயோடேட்டாவைக் கொடுக்கப் போறேன்: "உங்க கழிவு எங்க போகுது?"

உங்க ஊர்லயும் இப்படி ஒரு காயலான் கடைக் கதை இருந்தா சொல்லுங்க. கேக்க ஆசை.